கடைசிப் பத்து மீட்டர்: குடும்பமாக ஜியோகேஷிங் போவது எப்படி

மூன்று வருஷமாக நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் அதைச் சுற்றியும் பெட்டி தேடித் திரிகிறோம். நான், கணவர், பதினொரு வயது மகள், ஏழு வயது மகன், முழங்கால் சுகமாக இருக்கிற நாட்களில் அம்மம்மா. இதுவரை கண்டுபிடித்தது 214, தேடிக் களைத்துத் திரும்பியது 61. இரண்டாவது எண்ணையும் மறைக்காமல் எழுதுவது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஜியோகேஷிங் என்று முதலில் சொன்னபோது அம்மம்மா கேட்டது, “கேஷ் எண்டால், எவ்வளவு தருவினம்?” காசு ஒன்றும் இல்லை அம்மம்மா. யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுகிறார். நாங்கள் போனில் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துப் போய், தேடி எடுத்து, உள்ளே இருக்கிற தாளில் பெயர் எழுதி, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வருகிறோம். ஒளிச்சுப் பிடிச்சு மாதிரித்தான், ஒளிப்பவர் மட்டும் வீட்டுக்குப் போய்விடுவார்.

இது எப்படித் தொடங்கியது என்று தெரிந்தால் விளையாட்டும் விளங்கிவிடும். 2000ஆம் ஆண்டு மே தொடக்கம் வரைக்கும் பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது, கிட்டத்தட்ட நூறு மீட்டர் வரை பிழை காட்டும். மே 2 அன்று அந்தக் குழப்பத்தை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, இடத்தின் எண்களை ஒரு இணையக் குழுவில் எழுதினார். வாளிக்குள் புத்தகம், வீடியோ, ஒரு கவண், ஒரு தகர டின் அவரை. சில நாட்களிலேயே ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் 75 பெட்டிகளோடு ஜியோகேஷிங் டாட் காம் தளத்தைத் தொடங்கினார். இன்றைக்கு உலகம் முழுக்க 30 இலட்சத்துக்கும் மேல்.

அந்தக் குழப்பத்தை எடுத்த பிறகும் போன் உங்களைப் பெட்டியின் மேல் கொண்டுபோய் நிறுத்தாது. ஐந்திலிருந்து பத்து மீட்டர் வரைக்கும்தான் அதன் கெட்டித்தனம். மிச்சப் பத்து மீட்டர் உங்கள் கண்ணும் கையும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்தக் கடைசிப் பத்து மீட்டர்தான் முழு விளையாட்டுமே, கீழே எழுதியிருப்பதெல்லாம் சண்டை, அழுகை, சொறி இல்லாமல் அங்கே போய்ச் சேருவதற்கான வழிதான்.

முதல் படி: கணக்கு

ஜியோகேஷிங் செயலியை இறக்கி, இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். குடும்பத்துக்கே ஒரு கணக்கு போதும். பெயர் வைக்கும்போது பிள்ளைகளின் சொந்தப் பெயரோ வீட்டுத் தெருவின் பெயரோ வேண்டாம், அந்தப் பெயர் எல்லோர் கண்ணிலும் படும். சின்னதாக ஒரு பெயர் வையுங்கள், ஏனென்றால் சில பெட்டிகளில் தாள் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். நாங்கள் தெரியாமல் பதினாறு எழுத்தில் ஒன்றை வைத்துவிட்டு, இப்போது மூன்றெழுத்தாகச் சுருக்கிப் போடுகிறோம்.

காசு கட்டுகிற பிரீமியம் கணக்கு உடனே வேண்டாம். இலவசக் கணக்கில் செயலி இலகுவான பெட்டிகளைத்தான் முழுதாகக் காட்டும், தொடங்குகிறவர்களுக்கு அது நல்லதுதான். முப்பது பெட்டி எடுத்த பிறகும் பிள்ளைகள் “இண்டைக்குப் போவமா?” என்று கேட்டால் அப்போது யோசியுங்கள்.

இரண்டாம் படி: முதல் பெட்டியைத் தெரிவது

பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். வீட்டுக்குக் கிட்ட இருப்பதைத் தேடிப் போவார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம், வீட்டிலிருந்து ஆறு நிமிஷம், ஒரு பாலத்தின் இரும்புக் கம்பி. நாலு வயதாக இருந்த மகனைத் தூக்கி வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தடவினோம், ஒன்றும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, அது நானோ என்கிற வகை, சட்டைப் பொத்தான் அளவு, காந்தத்தில் ஒட்டியிருக்கும். பெரிய ஆட்களே திணறுவதை முதல் நாளே பிள்ளைகளுக்குக் காட்டினால் இரண்டாம் நாள் வரமாட்டார்கள்.

ஆகவே இப்படிப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு எண்கள் இருக்கும், இரண்டும் 1லிருந்து 5 வரை அரை அரையாக ஏறும். ஒன்று கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம், மற்றது, நில எண், போய்ச் சேர எவ்வளவு கஷ்டம். இரண்டுமே 1.5க்குள் இருப்பதை எடுங்கள். நில எண் 1 என்றால் சக்கர நாற்காலியிலும் போகலாம் என்று அர்த்தம், அம்மம்மா வருகிற நாளில் நாங்கள் அதைத்தான் பார்ப்போம். அடுத்து அளவு. மைக்ரோ என்றால் பழைய பிலிம் டப்பா அளவு. ஸ்மால், ரெகுலர் என்று இருந்தால் உள்ளே சின்னச் சின்னச் சாமான்கள் இருக்கலாம், பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும். வகை டிரெடிஷனல், பச்சை நிறக் குறி, எண்கள் காட்டுகிற இடத்திலேயே பெட்டி இருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, கடைசியாக வந்தவர்கள் எழுதியதை வாசியுங்கள். போன வாரம் ஒருவர் எடுத்திருந்தால் நம்பிப் போகலாம். கடைசி மூன்று நாலு பேரும் “கிடைக்கவில்லை” என்று எழுதியிருந்தால் அங்கே பெட்டியே இல்லாமல் போயிருக்கலாம். குறிப்பு கொடுத்திருந்தால் அதை இப்போது திறக்க வேண்டாம். திறக்கிற உரிமையை மகனுக்குக் கொடுத்திருக்கிறோம், அவன் அதைப் பெரிய பதவி மாதிரி வைத்திருக்கிறான்.

மூன்றாம் படி: பை

பேனை இரண்டு, பென்சில் ஒன்று. பென்சில் கட்டாயம், ஜனவரிக் குளிரில் பேனை மை உறைந்துவிடும், ஈரத் தாளிலும் எழுதாது. சின்னச் சாமணம் ஒன்று, நானோ டப்பாவிலிருந்து சுருட்டிய தாளை இழுக்க விரல் போகாது. கைவிளக்கு, தோட்டக் கையுறை, தண்ணீர், போனுக்கு மேலதிக பற்றரி. மாற்றிவைக்கக் கொஞ்சச் சாமான்: மார்பிள், சின்ன டைனோசர், வெளிநாட்டுச் சில்லறை, தலைமயிர்க் கிளிப். டொலர் கடையில் மூட்டையாக வாங்குகிற மலிவுச் சாமான் வேண்டாம், மகள் சொல்வது மாதிரி “எனக்கு யாராவது இதைத் தந்தால் எனக்குச் சந்தோஷமா இருக்குமா” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு குப்பைப் பை, அதற்குக் காரணம் கடைசியில். அப்புறம் சாப்பிட றோல்ஸ். நாலு றோல்ஸ் இருந்தால் இரண்டு மணி நேரம் அழுகை இல்லாமல் ஓடும்.

நான்காம் படி: நடப்பது

செயலியில் ஒரு அம்புக்குறியும் தூரமும் காட்டும். அந்தத் தூரம் காகம் பறக்கிற தூரம். எங்களுக்கு இது விளங்கியது ரூஜ் தேசிய நகரப் பூங்காவில்: 140 மீட்டர் என்று காட்டியது, நடுவில் ரூஜ் ஆறு. “கிட்டத்தானே, இதால இறங்குவம்” என்று கணவர் சொல்ல, சேற்றில் இறங்கி, மகனின் ஒரு சப்பாத்து உள்ளேயே போய்விட்டது. இழுக்க இழுக்கக் கால்தான் வந்தது, சப்பாத்து வரவில்லை. பாலத்தால் சுற்றிப் போயிருந்தால் அரை மணி நேரம். இப்போது காரிலிருந்து இறங்க முன்னமே செய்மதிப் படத்தில் பாதையைப் பார்க்கிறோம். ஒளித்தவர் கார் நிறுத்துமிடத்தையும் பாதை தொடங்குமிடத்தையும் தனியாகக் குறித்திருந்தால் அதை மீறிப் போகாதீர்கள், அவருக்கு அந்த இடம் தெரியும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த விளையாட்டில் இடத்தைப் பாகையிலும், மூன்று தசமம் வரை கலையிலும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) எழுதுவார்கள். அட்சரேகையில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய 1.85 மீட்டர். தீர்க்கரேகையில் ரொறன்ரோவுக்கு அது கிட்டத்தட்ட 1.3 மீட்டர்தான், வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்குகிறபடியால். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லி ஏறாதது இதில் ஏறியது. கடைசி இலக்கத்தில் பிழை விட்டால் பரவாயில்லை, முதல் தசமத்தில் விட்டால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் 185 மீட்டர். ஒருமுறை நான் 4க்குப் பதில் 7 போட்டு, ஒருவரின் பின்வளவு வேலிக்கு முன்னால் குடும்பத்தோடு போய் நின்றோம்.

ஐந்தாம் படி: கடைசிப் பத்து மீட்டர்

தூரம் பத்துக்குக் கீழே வந்ததும் போனைப் பொக்கற்றுக்குள் வையுங்கள். உண்மையாகவே வையுங்கள். வைக்காவிட்டால் நடப்பது இதுதான்: நாலு மீட்டர் இடது என்கும், போவீர்கள், ஏழு மீட்டர் பின்னால் என்கும், திரும்புவீர்கள், மரத்தடியில் கும்பலாகச் சுற்றிச் சுற்றி வருவீர்கள். இலை அடர்ந்த காட்டிலும் உயரக் கட்டடங்களுக்கு நடுவிலும் இன்னும் மோசம்.

நாங்கள் செய்வது, எல்லோரும் நின்ற இடத்தில் அரை நிமிஷம் அசையாமல் நிற்பது. பிறகு ஒவ்வொருவரும் “நான் ஒளிப்பதென்றால் எங்கே வைப்பேன்” என்று ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் கால் எடுக்கலாம். பிள்ளைகள் இதில் பெரியவர்களை விடக் கெட்டிக்காரர். அவர்களின் கண் இடுப்புயரத்தில் இருக்கிறது, பெட்டிகளும் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

கண்ணில் படவேண்டிய சில விஷயங்கள்: காட்டில் விழுந்த மரத்தின் மேல் ஒரே நீளக் குச்சிகள் பக்கம் பக்கமாக அடுக்கி இருந்தால் அதைக் காற்று செய்யவில்லை. மேப்பிள் மரத்தில் பைன் காய் தொங்கினால் போய் முறுக்கிப் பாருங்கள். வேலித் தூணின் மூடி, வாங்கின் அடிப்பக்கம், வீதியோரத் தகரத் தடுப்பின் உள்மடிப்பு, எட்டு ஆணிகளுக்கு நடுவில் துருப்பிடிக்காத ஒன்பதாவது ஆணி.

பிளாசாக்களில் கார் நிறுத்துகிற இடத்து விளக்குக் கம்பம் இருக்கிறதே, அதன் அடியில் பெரிய ஆணிகளை மூடுகிற சதுரத் தகர உறை, அது தளர்வாக இருக்கும், இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினால் கிறீச் என்று மேலே வரும், உள்ளே ஒரு டப்பா. வட அமெரிக்காவில் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முதல் தடவை பார்க்கும்போது மந்திரம் மாதிரி இருக்கும், பத்தாவது தடவை அலுத்துவிடும். ஆனால் மழை நாளில் காரிலிருந்து இறங்கி ஏற ஒரு நிமிஷம்தான்.

ஒரு விதி மட்டும் கண்டிப்பு. தோண்டக் கூடாது, கிளை முறிக்கக் கூடாது, ஆணி கழற்றக் கூடாது. டேவ் அல்மரின் வாளி பாதி மண்ணுக்குள் இருந்தது உண்மைதான், இன்றைக்கு நிலத்துக்குச் சொந்தக்காரரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் அப்படி வைக்கக் கூடாது. ஆகவே கிண்டினால்தான் கிடைக்கும் என்று தோன்றினால் நீங்கள் தவறான இடத்தில் நிற்கிறீர்கள்.

இருபது நிமிஷம் தேடியும் இல்லையென்றால் மகன் குறிப்பைத் திறப்பான். அதற்குப் பிறகு இன்னும் பத்து நிமிஷம். அதோடு சரி. நேரத்தை முன்கூட்டியே சொல்லி வைப்பதால் “இன்னும் கொஞ்சம் அம்மா” சண்டை எங்கள் வீட்டில் பாதியாகக் குறைந்தது.

மகிள்கள்

விளையாட்டைத் தெரியாத பொதுமக்களை மகிள் என்பார்கள், ஒரு மந்திரக் கதையிலிருந்து வந்த சொல். அவர்கள் பார்க்க எடுத்தால் பிறகு யாராவது வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், ஆகவே கொஞ்சம் மறைவாக எடுக்க வேண்டும். இதில் அம்மம்மாவுக்கு நிகர் யாருமில்லை. வாங்கில் குந்திக்கொண்டு தேத்தண்ணீர்ப் போத்தலைத் திறந்தால் அந்தக் குடும்பத்தை யார் சந்தேகப்படுவார்கள்? பிள்ளைகள் பின்னால் வாங்கின் அடியைத் தடவுவார்கள், ஆள் வந்தால் அம்மம்மா இருமுவார்.

ஆனால் காவலாளி வந்து கேட்டால் மறைக்காதீர்கள். ஒரு பிளாசாவில் கணவர் அந்தத் தகர உறையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது ஒருவர் வந்து என்ன செய்கிறீர்கள் என்றார். போனைக் காட்டி விளக்கினோம். அவர் சிரிக்கவில்லை, “மூடிவிட்டுப் போங்கோ” என்பது மாதிரிக் கையைக் காட்டினார். மூடிவிட்டுப் போனோம். பள்ளிக்கூட வாசல், விளையாட்டுத் திடல் பக்கம் பிள்ளைகள் இல்லாமல் தனியாகத் தேடவே வேண்டாம்.

ஆறாம் படி: கிடைத்த பிறகு

தாளில் பெயரும் திகதியும். கையெழுத்து இல்லாமல் இணையத்தில் “கண்டுபிடித்தேன்” என்று போடக் கூடாது. சாமான் எடுத்தால் அதே பெறுமதியில் அல்லது அதைவிட நல்லதாக ஒன்றை வையுங்கள். சாப்பாட்டுப் பொருள் வைக்காதீர்கள், அணில் பிளாஸ்டிக்கையே கடித்துத் திறக்கும். கத்தி, மதுபானம், மருந்து கூடாது.

சிலவற்றில் எண் பொறித்த உலோகத் தகடு ஒன்று ஏதாவது பொம்மையோடு கட்டியிருக்கும், டிராவல் பக் என்று பெயர். அது வைத்துக்கொள்கிற சாமான் இல்லை, எடுத்தால் அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும், போகிற வழி முழுக்க இணையத்தில் பதிவாகும். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு சின்ன ஆமையை நாங்கள் எடுத்து, சமையலறை லாச்சியில் போட்டு, ஏழு மாதம் மறந்துவிட்டோம். சொந்தக்காரர் மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினார். அன்று பின்னேரமே கொண்டுபோய் வைத்தோம். இரண்டு கிழமைக்குள் கொண்டுபோக முடியாவிட்டால் எடுக்காதீர்கள்.

திருப்பி வைக்கும்போது “இன்னும் நல்லா ஒளிப்பம்” என்று பிள்ளைகள் தொடங்குவார்கள், விடாதீர்கள். மூடி இறுக்கமாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டாம் முறை பாருங்கள், ஒரு மழை போதும் தாள் களியாக.

வீட்டுக்கு வந்து இணையத்தில் எழுதுங்கள். ஒரு வரி போதும், ஆனால் பெட்டி வைத்தவர் வாசிப்பார் என்பதை நினைத்து எழுதுங்கள். ஒளித்த இடம் தெரிகிற படம் போடாதீர்கள். கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். அந்த 61 அப்படி வந்ததுதான். ஒரு பெட்டிக்கு நாங்கள் எழுதிய “கிடைக்கவில்லை”யைப் பார்த்து வைத்தவர் போய்ப் பார்த்தபோது மரமே வெட்டப்பட்டிருந்ததாம்.

சொறி, உண்ணி, செங்குத்து

இங்கே கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். ஒன்ராறியோக் காடுகளில் பாய்சன் ஐவி என்ற செடி எங்கும் உண்டு. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் நீளக் காம்பு. அதன் எண்ணெய் தோலில் பட்டால் ஓரிரு நாளில் தண்ணீர்க் கொப்புளம். கணவர் ஒரு மரப் பொந்துக்குள் முழங்கை வரை விட்டார், பெட்டியும் கிடைத்தது, இரண்டு கிழமை சொறியும் கிடைத்தது. பட்டது தெரிந்தால் உடனே சவர்க்காரமும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், உடுப்பையும் போன் உறையையும்கூட. குளிர்காலத்தில் இலை இல்லாத கொடியிலும் அந்த எண்ணெய் இருக்கும்.

அடுத்தது கறுப்புக்கால் உண்ணி, லைம் நோயைக் கொண்டுவருவது. ரூஜ் பக்கம் இருக்கிறது. நீளக் காற்சட்டை, அதைக் காலுறைக்குள் செருகுவது, பூச்சி மருந்து, பாதையின் நடுவால் நடப்பது. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின், தலைமயிருக்குள் எல்லாம் வடிவாகப் பாருங்கள். கடித்திருந்தால் கூர்ச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், முறுக்கவோ எரிக்கவோ வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு, ஆனாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குளிரிலும் உறைநிலைக்கு மேல் போன நாளில் உண்ணி நடமாடும்.

ஸ்காபரோ பிளஃப்ஸ் என்கிற ஏரிக்கரைச் செங்குத்துகளில் விளிம்புக்குப் போகாதீர்கள், மேலேயும் சரி கீழேயும் சரி. அது பாறை மாதிரித் தெரிகிற மணலும் களியும், இடிந்துகொண்டே இருக்கிறது. எந்தப் பெட்டியும் அதற்கு ஈடில்லை.

ஏழாம் படி: அடுத்த வகைகள்

மல்ட்டி என்றால் ஒரு இடத்தில் கிடைக்கிற எண்ணை வைத்து அடுத்த இடம், அப்படியே போகும். புதிர் வகையில் காட்டுகிற இடத்தில் ஒன்றும் இருக்காது, வீட்டிலிருந்து புதிரை அவிழ்த்தால்தான் உண்மையான எண்கள் வரும். குளிர்காலச் சனிக்கிழமைகளுக்கு இது நல்லது, சமையலறை மேசையில் மகளும் கணவரும் மூன்று மணி நேரம் இருந்து விடுவார்கள். எர்த்கேஷில் பெட்டியே கிடையாது, நிலத்தைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். பிளஃப்ஸைக் கடைசிப் பனியுகத்தின் படிவுகளாகப் பார்க்கக் கற்றது அப்படித்தான். விண்வெளி நிலையத்திலும் ஒன்று உண்டு, 2008இல் ரிச்சர்ட் கேரியட் கொண்டுபோய் வைத்தது. அது மகனின் பட்டியலில் இருக்கிறது.

குப்பைப் பை சொன்னேனே: பெட்டி தேடுகிற வழியில் குப்பை பொறுக்குவது 2002இலிருந்து இந்த விளையாட்டின் வழக்கம், அதற்கென்றே ஆட்கள் கூடுகிற நாட்களும் உண்டு. பிள்ளைகள் நல்ல ஆட்களைச் சந்திக்க அது நல்ல இடம்.

எட்டாம் படி: சொந்தமாக ஒன்று வைப்பது

இருபது பெட்டியாவது எடுக்க முன் வேண்டாம். நல்லது எது கெட்டது எது என்று கை அறிய அவ்வளவு வேண்டும். இன்னொரு பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும், ரூஜ் போன்ற தேசியப் பூங்காவில் நிர்வாகத்திடம் கேட்காமல் வைக்க முடியாது. விண்ணப்பத்தை ஒரு தொண்டர் பார்த்துத்தான் வெளியிடுவார். ஊருக்குப் போகும்போது யாழ்ப்பாணத்தில் ஒன்று வைப்போமா என்று மகள் கேட்டாள். விடுமுறையில் வைத்துவிட்டு வந்தால் நனைந்த தாளை மாற்றுவது யார்? அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ள ஒருவர் ஒப்புக்கொண்டால்தான் முடியும்.

நாங்கள் சித்தப்பா வீட்டு முன்வேலியில், தெருவிலிருந்து கை எட்டுகிற மாதிரி, ஒரு பொய்க் குருவிக்கூட்டுக்குள் வைத்தோம். உள்ளே நாலு பக்கமும் கொளுவிப் பூட்டுகிற சாப்பாட்டுப் பெட்டி. எண்களை ஒரே நாளில் எடுக்காமல் மூன்று நாள் வேறு வேறு நேரத்தில் எடுத்து நடுவாக்கிப் போட்டோம். வெளியான மறுநாள் காலை ஆறரைக்கே ஒருவர் வந்து முதல் ஆளாகப் பெயர் எழுதிவிட்டுப் போயிருந்தார், சித்தப்பா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாராம், அசையவே இல்லையாம்.

போன ஏப்ரலில் பனி கரைந்ததும் போய்த் திறந்தால் யாரோ ஒரு கொளுவியைச் சரியாகப் பூட்டாமல் விட்டிருந்தார், தாள் ஊறிப் பருத்துக் கிடந்தது. மகன் புதுத் தாள் வைத்தான். மகள் பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹீட்டருக்கு மேல் விரித்துக் காயவைத்தாள். பதினேழு பெயர்கள் வாசிக்க முடிந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை பச்சைப் பென்சிலால் குருவி கீறியிருந்தது, கால் மூன்று.